எந்தக் கை?

நார்மன் மக்லீன் எழுதிய 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' குறுநாவலைப் பற்றிப் பேச்செடுத்தால் "அந்த பிராட் பிட் படம்தானே?" என்றுதான் பதில் வரும். ராபர்ட் ரெட்ஃபோர்ட் 1992-இல் எடுத்த படம். ஆற்றின் நடுவே ஒருவன் நிற்கிறான், அவன் தலைக்கு மேல் தூண்டில் கயிறு வெயிலில் மின்னிக்கொண்டு சுழல்கிறது. ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வருகிறவர்களுக்கு ஆரம்பப் பக்கங்களிலேயே சலிப்பு தட்டும். தூண்டில் வீசுவது எப்படி என்று இந்த ஆள் ஏன் இப்படிப் பாடம் நடத்துகிறார், கதைக்கு எப்போது வருவார்? நிறையப் படிக்கிற நண்பர் ஒருவரே என்னிடம் சொன்னார்: "அந்த மீன்பிடிக்கிற பக்கத்தையெல்லாம் தள்ளிட்டுப் படிங்க, அப்பதான் நாவல் கிடைக்கும்."

அப்படித் தள்ளிவிட்டுப் படித்தால் நாவலின் கடைசியில் ஒரு கிழவர் கேட்கும் கேள்வி நம் காதில் விழாது என்பது என் கட்சி. இரண்டே சொல் கொண்ட கேள்வி. மொத்த நாவலும் அந்தக் கேள்விக்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

கதை பெரியதில்லை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மிசூலா என்கிற ஊர். பிரஸ்பிட்டேரியன் சபையின் போதகர் ஒருவர், அவர் மனைவி, இரண்டு பையன்கள். மூத்தவன் நார்மன்தான் கதைசொல்லி. இளையவன் பால் பத்திரிகை நிருபர். குடிப்பான், சூதாடுவான், சண்டை போடுவான். ஆற்றில் இறங்கித் தூண்டிலை வீசினால் அவனுக்கு நிகர் யாருமில்லை. 1937 கோடையில் அண்ணனும் தம்பியும் சில நாட்கள் சேர்ந்து மீன்பிடிக்கிறார்கள். கடைசி நாள் அப்பாவும் கூட வருகிறார், பிக் பிளாக்ஃபுட் என்கிற பெரிய ஆற்றுக்கு. அடுத்த வருஷம் மே மாதத் தொடக்கத்தில் பாலை யாரோ அடித்துக் கொன்று ஒரு சந்தில் போட்டுவிடுகிறார்கள். ஏறத்தாழ நூறு பக்கம். புத்தகம் 1976-இல் வந்தபோது மக்லீனுக்கு 73 வயது. ஆயுள் முழுக்க சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு எழுதிய முதல் கதைப் புத்தகம் அது. நியூயார்க் பதிப்பகங்கள் கைவிரித்த பிறகு, அதுவரை புனைகதையே போட்டிராத சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது.

இப்போது அந்த மீன்பிடிக்கிற பக்கங்களுக்கு வருகிறேன். ஃப்ளை ஃபிஷிங் நம்முடைய தூண்டில் போடுதல் அல்ல. நம் தூண்டிலில் மூங்கில் கம்பு, நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, முள், முள்ளில் ஒரு மண்புழு. கனம் எல்லாம் நுனியில் இருக்கிறது. குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுகிறது. ஃப்ளை ஃபிஷிங்கில் இது தலைகீழ். முள்ளின் மேல் இறகையும் மயிரையும் நூலால் சுற்றிக் கட்டிய போலிப்பூச்சிதான் நுனியில் இருக்கிறது. அதற்குக் கனமே கிடையாது. கையால் எறிந்தால் ஒரு முழம்கூடப் போகாது. கனம் கயிற்றில் இருக்கிறது. அந்தக் கயிற்றைப் பின்னால் எடுத்து, காற்றில் அது முழுக்க நீண்டு விரியும்வரை பொறுத்து, பிறகு முன்னால் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் கயிறு சாட்டை மாதிரிச் சொடுக்கிப் பூச்சி அறுந்துபோகும். தாமதித்தால் கயிறு பின்னால் தொய்ந்து புதரில் மாட்டும். போதகர் தன் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது சங்கீதம் பயில்கிறவர்கள் தாளத்துக்கு வைத்துக்கொள்ளும் மெட்ரனோம் கருவியை வைத்து. நான்கு எண்ணிக்கை. கடிகார முகத்தில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே மட்டும்தான் கை அசைய வேண்டும்.

பின்னால் மரமோ பாறையோ இருந்தால் அந்த வீச்சும் முடியாது. அங்கே உருட்டி வீச வேண்டும்: கயிற்றைத் தண்ணீர் மேலேயே இழுத்துக் கொண்டுவந்து, கையை உயர்த்தி, சுருளாக முன்னால் உருளவிட வேண்டும். பின்வீச்சின் பலம் கிடைக்காது, பாதித் தூரம்தான் போகும். நார்மனுக்கு இது சரியாக வராது. பாலுக்கு வரும்.

இந்த விவரங்களை மக்லீன் ஒரு வாத்தியாரின் பொறுமையோடு எழுதுகிறார், இடையிடையே தன்னையும் கிண்டல் செய்துகொண்டு. இந்தக் குடும்பத்தில் புழு வைத்து மீன்பிடிப்பவனுக்கு மரியாதை கிடையாது. 1653-இல் வந்து இன்றுவரை தூண்டில்காரர்களின் வேதப்புத்தகம் போல இருக்கிற 'தி கம்ப்ளீட் ஆங்ளர்' எழுதிய ஐசக் வால்டனையே புழுக்காரர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இதெல்லாம் சிரிக்க வைக்கும் பக்கங்கள். ஆனால் பாடம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. இருபது முப்பது பக்கம் போனதும், வாழ்நாளில் ட்ரௌட்டையே பார்த்திராத வாசகனுக்கும் ஒரு வீச்சு நல்லதா கெட்டதா என்று தெரிய ஆரம்பித்துவிடுகிறது. (ட்ரௌட் என்றால் நமக்கு நீலகிரியும் அவலாஞ்சியும்தான் நினைவுக்கு வரும். அதுவும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கள் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து விட்டது. நம் கதைகளில் மீன் குழம்புக்குத்தான் வரும், அது ஒன்றும் குறையில்லை.) ஒரு கச்சேரிக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து தாளம் போடக் கற்றுக்கொடுத்த மாதிரி. அதற்குப் பிறகுதான் மக்லீன் பாலை ஆற்றில் இறக்குகிறார்.

பால் நடு ஆற்றில் ஒரு பாறைமேல் ஏறி நின்று வீசுகிறான். அப்பா சொல்லிக்கொடுத்த நான்கு தாளம் அதில் அடியில் இருக்கிறது, மேலே அவனுடைய சங்கதிகள். பூச்சி தண்ணீரைத் தொடாமல் தண்ணீருக்குச் சற்று மேலே போய்ப் போய் வருகிறது. அந்த நிழலைப் பார்த்து மீன்கள் பூச்சிக்கூட்டம் கிளம்பிவிட்டது என்று நம்ப வேண்டும் என்பது கணக்கு. ரெட்ஃபோர்டின் படத்தில் இந்தக் காட்சி அழகாகவே இருக்கிறது. ஆனால் படம் நமக்கு எதையும் கற்றுக்கொடுக்காமல் அழகை மட்டும் கொடுக்கிறது. எது கஷ்டம் என்று தெரியாதவன் பார்க்கும் அழகு அது, காலண்டர் படம் மாதிரி. புத்தகத்தில் நாம் அண்ணனின் கண்ணால் பார்க்கிறோம். அந்த வீச்சைத் தன்னால் செய்ய முடியாது என்று தெரிந்தவனின் கண்ணால். பெருமையும் பொறாமையும் பயமும் சேர்ந்த பார்வை அது.

பயம் ஏன் என்பதுதான் நாவலின் இன்னொரு பாதி. ஒரு ராத்திரி போலீஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வருகிறது. பால் குடித்துவிட்டு ஒருவனை அடித்திருக்கிறான். அவனோடு இருந்த செயென் இனப் பெண்ணை அவமானப்படுத்திய ஆள். அங்கே இருக்கும் போலீஸ்காரர் அண்ணனிடம் வேறொன்றையும் சொல்கிறார்: தம்பி சூதாட்டத்தில் பெரிய கடனில் இருக்கிறான். அண்ணன் என்ன செய்கிறான்? வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். அப்புறம் மீன்பிடிக்கப் போகலாமா என்று கேட்கிறான்.

எனக்கு இது அந்நியமான காட்சியாகத் தெரியவில்லை. நம் குடும்பங்களிலும் இப்படி ஒருவர் இருப்பார். கையில் வித்தை இருக்கும், பாக்கெட்டில் காசு நிற்காது. அவரைப் பற்றி எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். அவர் உள்ளே வந்ததும் பேச்சு நின்று, "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்பார்கள். மக்லீன் குடும்பத்தில் "சாப்ட்டியா" இருந்த இடத்தில் "மீன்பிடிக்கப் போலாமா" இருக்கிறது.

பாலுக்கு எதிரே மக்லீன் இன்னொருவனை நிறுத்துகிறார். நீல், நார்மனின் மைத்துனன். மேற்குக் கடற்கரையிலிருந்து பகட்டாக வந்து இறங்குகிறான், காப்பித்தூள் டப்பாவில் மண்புழு எடுத்துக்கொண்டு ட்ரௌட் பிடிக்கக் கிளம்புகிறான். ஆற்றில் குளிர வைத்திருந்த பீரையெல்லாம் குடித்துவிட்டு, கூட்டி வந்த ஒரு பெண்ணோடு மணல்திட்டில் அம்மணமாகத் தூங்கி, வெயிலில் வெந்துபோய்க் கிடக்கிறான். பெண்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு மருந்து தடவுகிறார்கள். நாவலின் வேடிக்கையான பகுதி இதுதான், ஆனால் வேலை செய்கிற பகுதியும் இதுதான். நீலுக்கும் உதவி செய்ய முடியாது, பாலுக்கும் முடியாது. நீலோ உதவியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான், வீணடிக்கிறான், உயிரோடும் இருக்கிறான். தன்னைச் சுற்றி ஆட்கள் உதவ முயல்வதே அவனுக்குப் பிடித்திருக்கலாம் என்று பால் ஒரு இடத்தில் சொல்கிறான். யாரைப் பற்றிச் சொல்கிறான் என்று நார்மனுக்கு உறைக்கிறதா என்பதை மக்லீன் எழுதவில்லை. எழுதாமல் விட்டது நல்லது.

நார்மன் அப்பாவிடம் போய்க் கேட்கிறான். போதகரின் பதிலை மோட்டார் உதிரிபாகக் கடை உவமைக்காகவே பலர் நினைவில் வைத்திருப்பார்கள். உதவுவது என்றால் உன்னில் ஒரு பாகத்தைக் கழற்றிக் கொடுப்பது. எந்தப் பாகம் வேண்டும் என்று பெரும்பாலும் தெரிவதில்லை, தெரிந்தாலும் அது நம்மிடம் இருப்பு இருப்பதில்லை என்கிற மாதிரிப் போகிறது அவர் பேச்சு. அழகான பேச்சு. கொஞ்சம் அளவுக்கு மீறி அழகு. உதவியை அவ்வளவு உயரத்தில் தூக்கி வைத்துவிட்டால் யாரும் யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நாவலுக்குள்ளேயே நார்மன் இதை உணர்ந்து, நீங்கள் இதை ரொம்பக் கடினமாக்குகிறீர்கள் என்று மறுக்கிறான். அதோடு அந்த மறுப்பும் நின்றுபோகிறது.

இங்கே ஹெமிங்வேயைக் கொஞ்சம் கொண்டுவர வேண்டும். அமெரிக்க இலக்கியத்தில் ட்ரௌட் மீன்பிடித்தல் என்றாலே 'பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்' கதைதான், 1925-இல் வந்தது. போரிலிருந்து திரும்பிய நிக் தனியாக ஆற்றுக்குப் போகிறான், கூடாரம் அடிக்கிறான், காப்பி போடுகிறான், விடியற்காலைப் பனியில் நனைந்து பறக்க முடியாமல் இருக்கும் வெட்டுக்கிளிகளைப் பிடித்து பாட்டிலில் அடைக்கிறான், மீன்பிடிக்கிறான். போர் என்ற சொல்லே கதையில் கிடையாது. அங்கேயும் செய்முறை விவரம் பக்கம் பக்கமாக இருக்கிறது. நிக்குக்கு அந்த விவரங்கள் ஒரு வேலி. ஒவ்வொரு வேலையையும் ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும்வரை மனம் வேறெங்கும் ஓடாது. அந்தக் கதையில் பார்ப்பவர் யாருமில்லை. யாராவது பார்த்துவிட்டால் நிக் உடைந்துபோவான்.

மக்லீன் எடுத்துக்கொண்டது வேறு வேலை. அவருடைய ஆற்றங்கரையில் எப்போதும் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். மூச்சு விடாமல் பார்க்கிறார், பார்க்கத் தெரிந்தும் பார்க்கிறார். இன்னொரு வித்தியாசமும் உண்டு, இது என் சொந்தக் குசும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: நிக் உயிருள்ள வெட்டுக்கிளியை முள்ளில் குத்துகிறவன். மிசூலா போதகர் வீட்டில் அவனுக்குத் திண்ணையில்தான் இடம் கிடைத்திருக்கும்.

கடைசி நாளைப் பார்ப்போம். நாவலில் கால்பங்குக்கு அருகில் இந்த ஒரே நாள். பிக் பிளாக்ஃபுட் சாதுவான ஆறு இல்லை. வேகம், ஆழம், பெரும் பாறைகள். பனியுகத்தில் பனிக்கட்டியே அணையாக நின்று தேக்கி வைத்திருந்த பேரேரி உடைந்து பாய்ந்த நிலம் அது. பாறைகளில் நூறு கோடி வருஷத்துக்கும் முந்தைய மழைத்துளிகளின் வடு இருக்கிறது. மக்லீன் இதைச் சொல்லும்போது சுற்றுலாக் கையேட்டின் தொனி வருவதில்லை, அந்த வடு அவருக்குக் கதையின் கடைசிவரை வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு நார்மன் முதலில் நன்றாகவே பிடிக்கிறான். ஸ்டோன்ஃப்ளை என்கிற பெரிய பூச்சி வெளிவரும் பருவம். அதைப் போலச் செய்த பூச்சியைக் கட்டி வீசுகிறான், மீன் எடுக்கிறது. பிறகு வேறொரு மடுவுக்கு மாறியதும் ஒன்றும் விழவில்லை. தம்பி மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டே இருக்கிறான். அண்ணனுக்கு எரிச்சல். அப்போது பால் வந்து அவனிடம் சொல்கிறான்: மீன் இப்போது மேலே மிதக்கிற பூச்சியைத் தின்னவில்லை, மூழ்கிச் செத்த பூச்சியைத் தின்கிறது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் விளக்குகிறான். கண்ணுக்குத் தெரிகிற ஒன்றிலிருந்து, கவனிக்காமல் விட்ட ஒன்றுக்கும், அதிலிருந்து கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்கும் போகிற யோசனை.

இந்தச் சின்னக் காட்சியை விமர்சகர்கள் பெரும்பாலும் பாலின் புத்திசாலித்தனத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது வேறு காரணத்துக்காகப் பெரிய காட்சி. நூறு பக்கத்தில் ஒருவர் இன்னொருவருக்கு உருப்படியாக உதவுகிற இடங்கள் மிகக் குறைவு, அதில் இது ஒன்று. உதவுவது, யாராலும் உதவ முடியாத பால். அண்ணனுக்கு என்ன பாகம் தேவை என்று தெரிகிறது, அது அவனிடம் இருக்கிறது, அண்ணன் முகம் கோணாமல் வாங்கிக்கொள்கிறான். அப்பாவின் உதிரிபாகக் கடையில் இல்லாத சரக்கு தம்பியிடம் இருக்கிறது. அந்த யோசனையை அண்ணனால் தம்பிமேல் திருப்ப முடிந்ததா? மேலே மிதப்பதை விட்டுவிட்டு மூழ்கிக் கிடப்பதைப் பார்க்க? அந்தப் பாடத்தை நார்மன் ஆற்றங்கரையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறான்.

மீன் போதும் என்றான பிறகு அப்பாவும் மூத்தவனும் கரையில் உட்கார்ந்துகொள்கிறார்கள். அப்பாவின் கையில் கிரேக்க மொழிப் புதிய ஏற்பாடு, யோவான் சுவிசேஷத்தின் தொடக்கம். ஆதியிலே இருந்தது வார்த்தையா தண்ணீரா என்று ஒரு பேச்சு வருகிறது. வார்த்தைகள் தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன என்கிறார் போதகர். பாலைக் கேட்டால் தண்ணீரிலிருந்துதான் வார்த்தை உண்டாகிறது என்பான் என்கிறான் மகன். நம்மூரில் இந்தப் பத்தியை எடுத்துவைத்துக்கொண்டு தத்துவம் பேசுகிறார்கள். பேசட்டும். ஆனால் அந்த நேரத்தில் அந்த இரண்டு பேரும் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஆற்றில் நிற்கும் பாலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெரிய மீன் மாட்டுகிறது. கம்பு வளைகிறது, அவன் ஆற்றோடு போகிறான், வருகிறான், ஒரு கையால் கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே மீனைக் கரைக்குக் கொண்டுவருகிறான். கிழவர் அவனை அழகு என்கிறார். அன்பைப் பற்றி வாய் திறக்காத அந்த வீட்டில், முப்பது வயது தாண்டிய ஒருவனுக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்சம் அது. அவன் மீன்பிடித்து அவர்கள் பார்த்தது அதுதான் கடைசி என்று மக்லீன் நேரடியாகவே சொல்லிவிடுகிறார்.

அம்மா அங்கே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாலை எல்லாரையும்விட அதிகம் நேசித்தவள் அவள்தான் என்று நாவலே சொல்கிறது. ஆனால் அவன் அழகாக இருக்கிற ஒரே இடத்தில் அவளுக்கு இடம் இல்லை. அவன் செத்த பிறகும் அவள் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை, அறைக்குள் போய்விடுகிறாள். ஆண்களின் இந்தச் சடங்கு யாரை வெளியே நிறுத்தியது என்பதை மக்லீன் கவனித்திருக்கிறார், ஆனால் இரண்டு மூன்று வரிக்கு மேல் அதற்குள் போக அவருக்கு மனமில்லை. நாவலின் பலவீனம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இனி அந்தக் கேள்வி. நார்மன் செய்தியோடு வீட்டுக்கு வருகிறான். அடித்துக் கொன்றிருக்கிறார்கள், சந்தில் போட்டுவிட்டார்கள். வேறு ஏதாவது சொல்ல முடியுமா என்கிறார் அப்பா. கையில் இருந்த எலும்புகள் ஏறக்குறைய எல்லாமே உடைந்திருந்தன என்கிறான் மகன். அப்பா கேட்கிறார்: எந்தக் கை?

வலது கை.

மீன்பிடிக்கிற பக்கங்களைத் தள்ளிவிட்டு வந்தவருக்கு இது ஒரு விசித்திரமான கேள்வி. பிள்ளை செத்திருக்கிறான், எந்தக் கையாக இருந்தால் என்ன? தள்ளாமல் வந்தவருக்கு அப்படி இல்லை. அந்தக் கையைப் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே பிடித்து ஆட்டி, நான்கு எண்ணிக்கை சொல்லிக்கொடுத்தவர் கேட்கிறார். அவன் கடைசிவரை திருப்பி அடித்துச் சண்டை போட்டிருக்கிறான் என்பதும் அந்தப் பதிலில் இருக்கிறது. வீசுகிற கையும் அடிக்கிற கையும் ஒன்றே. போலீஸ் நிலைய ராத்திரியும் பாறைமேல் நின்ற பகலும் அந்த ஒரு விவரத்தில் சேர்ந்துவிடுகின்றன. மக்லீன் வகுப்பில் ஷேக்ஸ்பியர் நடத்தியவர். லியர் மன்னனின் பைத்தியத்தைப் பற்றி 1952-இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று உண்டு. செத்துப்போன பிள்ளையின் முன்னால் ஒரு கிழவன் எதைக் கேட்பான், எவ்வளவு சின்னதாகக் கேட்பான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதுவரை நாவலின் பக்கம் நின்று பேசினேன். இனி கொஞ்சம் எதிர்ப்பக்கம்.

பால் மக்லீன் நிஜ மனிதர். நாவலில் அவன் மொன்டானாவில் சாகிறான் என்றே படிக்கிறோம். நிஜத்தில் அவர் 1938 மே மாதம் அடித்துக் கொல்லப்பட்டது சிகாகோவில். அண்ணன் ஆசிரியராக இருந்த அதே சிகாகோ பல்கலைக்கழகத்தின் செய்தித் துறையில் அவர் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கொன்றவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

நாவலாசிரியர் ஊரை மாற்றலாம், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கதை ஒரே நிலத்தில் நடந்தால் இறுக்கம் கூடும். அரிஸ்டாட்டிலைப் படித்துப் பாடம் சொன்னவர்களின் கூட்டத்தைச் சேர்ந்தவருக்கு அது தெரியாதா? ஆனால் இந்த இடமாற்றம் மேடையை மட்டும் மாற்றவில்லை. தம்பி அண்ணன் ஊருக்கு வந்து, அண்ணன் நிழலில் ஒரு வேலையில் இருந்து, ட்ரௌட் ஓடும் ஆறே இல்லாத ஒரு நகரத்தின் சந்தில் செத்தான் என்று எழுதியிருந்தால் இது வேறு நாவல். "அவனுக்கு எப்படி உதவுவது என்று தெரியவில்லை" என்ற துக்கத்துக்குள், "ஆற்றிலிருந்து எடுத்துவிட்டோமே, அது சரிதானா" என்ற கேள்வி நுழைந்திருக்கும். மோட்டார் உதிரிபாக உவமையால் அந்தக் கேள்வியைத் தாங்க முடியாது. அப்பாவின் அழகான பேச்சு அங்கே விரிசல் விட்டிருக்கும்.

மக்லீனுக்குத் துப்புத் துலக்கத் தெரியாது என்று சொல்லவும் முடியாது. அவர் இறந்த பிறகு 1992-இல் வந்த 'யங் மென் அண்ட் ஃபயர்' புத்தகத்தைப் பாருங்கள். 1949-இல் மொன்டானாவில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் காட்டுத்தீயில் 13 தீயணைப்பு இளைஞர்கள் இறந்தார்கள். வயதான காலத்தில் அந்தச் செங்குத்துச் சரிவில் ஏறி, காற்றின் வேகத்தையும் தீயின் வேகத்தையும் ஓடிய கால்களின் வேகத்தையும் நிமிஷம் நிமிஷமாகக் கணக்குப் போட்டார் மக்லீன். முன்பின் தெரியாத பையன்களின் கடைசி நிமிஷங்களுக்காக அவ்வளவு உழைப்பு. சொந்தத் தம்பியின் கடைசி நிமிஷங்களுக்குச் சில வரிகள். தீயில் இறந்தவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சந்துதான் ஞாபகம் வருகிறது.

இதற்கு நாவலே ஒரு பதிலை வைத்திருக்கிறது. பாலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சொல்லிவிட்டாயா என்று அப்பா பின்னாளில் கேட்கிறார். எல்லாம் சொல்லிவிட்டேன் என்கிறான் மகன். அது அதிகமில்லையே என்கிறார் அவர். முழுதாகப் புரிந்துகொள்ளாமலே முழுதாக நேசிக்கலாம் என்று மகன் சொல்ல, அப்பா அதை ஒப்புக்கொள்கிறார். நிஜக் கதைகளைச் சொல்லி முடித்த பிறகு ஒரு கதையைக் கற்பனையாகச் செய்து பார், அப்போதுதான் நடந்தது புரியும் என்றும் சொல்கிறார். ஆக, சிகாகோவை எடுத்துவிட அப்பாவின் அனுமதி இருக்கிறது என்று மக்லீன் நமக்குக் காட்டிவிடுகிறார். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. என்னால் அதை முழுக்க ஏற்க முடியவில்லை. எல்லாம் சொல்லிவிட்டேன் என்று நாவலுக்குள் சொல்கிறவனுக்குத் தெரியாதது வேண்டுமானால் அதிகமில்லை. அதை எழுதுகிற 73 வயதுக்காரருக்குத் தெரிந்தது அதைவிட அதிகம்.

இருந்தும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போக முடிவதில்லை, காரணம் அந்தக் கைதான். கொலையைப் பற்றிய எல்லாவற்றையும் மாற்றவும் மறைக்கவும் உரிமை எடுத்துக்கொண்டவர், கையை மட்டும் விடவில்லை. அதற்குத் தயார் செய்யத்தான் அவ்வளவு பக்கம் தாளம் போட்டுக் காட்டினார்.

ஆற்றுக்கும் ஒரு இடமாற்றம் நடந்தது. புத்தகம் வருவதற்கு முந்தைய வருஷம், 1975-இல், பிளாக்ஃபுட்டின் மேற்பகுதியில் மைக் ஹார்ஸ் சுரங்கத்தின் கழிவைத் தேக்கி வைத்திருந்த அணை உடைந்து நச்சு மண் ஆற்றில் கலந்தது. மரம் வெட்டியதும் சேர்ந்துகொண்டது. ரெட்ஃபோர்ட் படம் எடுக்க வந்தபோது பிளாக்ஃபுட் பழைய பிளாக்ஃபுட்டாக இல்லை. மீன்பிடிக்கும் காட்சிகளைப் பெரும்பாலும் காலடின் போன்ற வேறு ஆறுகளில் எடுத்தார்கள். படத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் தூண்டில் வாங்கிக்கொண்டு மொன்டானாவுக்குக் கிளம்பினார்கள். பல வருஷ வேலைக்குப் பிறகு பிளாக்ஃபுட்டில் மீன் மறுபடி பெருகியிருக்கிறது. இப்போது வருகிறவர்களில் பலர் பிடித்த மீனை ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். நாவலில் யாரும் விடுவதில்லை, பிடித்ததைக் கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

தமிழில் இதைச் செய்ய நினைக்கும் மொழிபெயர்ப்பாளருக்கு ஒன்று சொல்வேன். வார்த்தையா தண்ணீரா என்ற பத்தியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், யோவான் சுவிசேஷம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். உருட்டி வீசும் வீச்சு, கயிறு பின்னால் விரியும்வரை பொறுக்கும் அந்த ஒரு கணம், பத்து மணி, இரண்டு மணி. அவற்றுக்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் ஒரு கம்பையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் நான்கு எண்ணி வீசிப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் பார்க்கட்டும்.